அம்புக்குறிக்கு இருபுறமும்

பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் காய்ச்சல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். கண்ணாடிக் குச்சியை நாலு முறை உதறி, நாக்கடியில் வைத்து, வாயை இறுக மூடிக் காத்திருக்க வேண்டும். பிறகு அம்மாவோ அப்பாவோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். 98-க்கும் 99-க்கும் நடுவே ஒரு சின்ன அம்புக்குறி. பாதரசம் அதைத் தாண்டினால் கஞ்சியும் படுக்கையும்; தாண்டாவிட்டால் பள்ளிக்கூடம்.

அந்த அம்புக்குறி எந்த எண்ணில் நிற்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றியவர்கள் 98.4 டிகிரி பாரன்ஹீட் என்பார்கள். அமெரிக்கப் புத்தகங்களைப் படித்தவர்கள் 98.6 என்பார்கள். நலமான உடம்பின் வெப்பம் இதுதான் என்று சொல்லும் எண்ணே ஊருக்கு ஊர் மாறுகிறது என்றால், அந்த எண் எங்கிருந்து வந்தது? நலமாக இருக்கிற எல்லாருக்கும் அது பொருந்துமா? ஏறத்தாழ 150 ஆண்டுகளாகத் திரண்டிருக்கும் சான்றுகளை வைத்து இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லைப்சிக் நகரத்து மருத்துவர்

37 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணை உலகத்துக்குத் தந்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த கார்ல் வுண்டர்லிக். நோய்களில் உடல்வெப்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி 1868-இல் அவர் வெளியிட்ட நூல், மருத்துவ வெப்ப அளவியலின் அடிப்படை நூலாயிற்று. சுமார் 25,000 நோயாளிகளிடம் எடுத்த, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள் அதற்கு ஆதாரம் என்று சொல்லப்பட்டது. அளந்த இடம் அக்குள். அவர் பயன்படுத்திய வெப்பமானி 20 சென்டிமீட்டருக்கும் அதிக நீளமானது. ஒரு முறை அளக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இங்கிலாந்தின் தாமஸ் கிளிஃபோர்ட் ஆல்பட், ஆறு அங்குல நீளத்தில், ஐந்தே நிமிடத்தில் அளவு காட்டும் சிறு வெப்பமானியை 1860-களின் பிற்பாதியில் உருவாக்கிய பிறகுதான் இந்தக் கருவி மருத்துவரின் சட்டைப்பைக்குள் புகுந்தது.

வுண்டர்லிக்கின் நூலில் 37 மட்டும் இல்லை. நலமானவர்களின் வெப்பம் 36.25-இலிருந்து 37.5 வரை இருக்கலாம் என்று அவர் ஒரு வீச்சைக் கொடுத்திருந்தார். விடியற்காலையில் இறங்கி மாலையில் ஏறும் என்பதைக் கண்டிருந்தார். பெண்களுக்குச் சற்றுக் கூடுதல், முதியவர்களுக்குச் சற்றுக் குறைவு என்றும் எழுதியிருந்தார். பின்வந்தவர்கள் இந்த நுணுக்கங்களை நூலகத்தில் விட்டுவிட்டு, நடுவிலிருந்த 37-ஐ மட்டும் வெளியே எடுத்து வந்தார்கள்.

அளவுமுறை மாற்றமும் தன் பங்கைச் செய்தது. 37 செல்சியஸைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6 வரும். 37 என்று சொல்லும்போது அது உத்தேசமாக வட்டமிட்ட எண் என்று கேட்பவருக்குத் தோன்றும். 98.6 என்றால், பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளந்து கண்ட முடிவு போல் தொனிக்கிறது. மூலத்தில் இல்லாத துல்லியம் பெயர்ப்பில் வந்து ஒட்டிக்கொண்டது.

எட்டு விழுக்காடு

இந்த எண்ணை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் மக்கோவியாக்கும் சக ஆய்வாளர்களும் 1992-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். 18 முதல் 40 வயது வரையுள்ள, நலமான 148 தன்னார்வலர்கள். நாக்கடியில் எடுத்த 700 அளவுகள். சராசரி 36.8 டிகிரி செல்சியஸ், அதாவது 98.2 பாரன்ஹீட். 98.6 என்ற அளவு மொத்தத்தில் 8 விழுக்காட்டு முறைதான் வந்தது. அது சராசரியும் இல்லை, நடுமதிப்பும் இல்லை, அதிகம் தென்பட்ட அளவும் இல்லை. பெண்களின் சராசரி ஆண்களைவிடச் சற்று உயர்ந்து 98.4 ஆக இருந்தது. பிரிட்டிஷ் அம்புக்குறிக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுக்கு அதிகப் பயன் உண்டு. இயல்பின் மேல் எல்லை நாள் முழுக்க ஒன்றாக இல்லை. காலை ஆறு மணிக்கு 37.2 செல்சியஸ், மாலை நான்கு மணிக்கு 37.7. ஆக, 99.5 பாரன்ஹீட் என்ற ஒரே அளவு விடியற்காலையில் காய்ச்சலாகவும் மாலையில் இயல்பாகவும் இருக்க இடமுண்டு.

வுண்டர்லிக்கின் எண் ஏன் சற்று உயர்ந்து நின்றது? பிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் அவருடையதாகக் கருதப்படும் ஒரு வெப்பமானி இருக்கிறது. மக்கோவியாக் அதைச் சோதித்தபோது, இன்றைய கருவிகளைவிட ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. அது ஒன்றுதான் காரணம் என்று தீர்ப்பெழுத முடியாது. ஒரு கருவியை வைத்துப் பத்து லட்சம் அளவுகளை எடைபோட இயலாது. கணிப்பொறி இல்லாத காலத்தில் அத்தனை அளவுகளையும் கூட்டி வகுத்திருக்க முடியுமா என்ற ஐயமும் எழுந்தது.

ஏறி இறங்கும் நாள்

மாறுபாட்டின் காரணங்களில் எல்லாருக்கும் பொதுவானது நேரம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்தான் உடலின் வெப்பக் காவலர். அதற்குள்ளேயே உடலின் நாள்கடிகாரமும் இருக்கிறது. விடிவதற்கு முந்தைய மணிகளில் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும். பிற்பகல் முதல் முன்மாலை வரை உச்சிக்குப் போகும். இரண்டுக்கும் இடையே சராசரியாக அரை டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ ஒரு டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம். இரவுப்பணி பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இடம்பெயரலாம். பிறந்த சில வாரக் குழந்தைக்கு அது இன்னும் அமைந்திருக்காது. முதுமையில் ஏற்றமும் இறக்கமும் மழுங்கிப் போகும்.

அடுத்தது மாதச் சுழற்சி. கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன், பெண்ணின் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தி, அடுத்த மாதவிலக்கு வரை அங்கேயே வைத்திருக்கும். கருத்தரிக்க ஏற்ற நாள்களை அறியக் காலையில் எழுந்தவுடன் வெப்பம் பார்த்துக் குறித்துவைக்கும் முறை இதை நம்பித்தான் இயங்குகிறது. ஒரே பெண்ணுக்கு மாதத்தின் முதல் பாதியில் ஓர் இயல்பு, பின்பாதியில் வேறோர் இயல்பு.

வயது ஏற ஏற வெப்பம் மெல்ல இறங்குகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கும். உடல் எடை கூடும்போது சிறிது உயரும். ஓடிவிட்டு வந்தால் ஏறும். சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் ஏறும்.

இத்தனைக்கும் மேல், எங்கே அளக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியான ஒரு மீளாய்வில், சராசரி ஆசனவாயில் 37.04, காதில் 36.64, வாயில் 36.57, அக்குளில் 35.97 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் ஒரு டிகிரிக்கு மேல் இடைவெளி. ஆள் அதே ஆள்தான், உடம்பும் அதே உடம்புதான். சூடான காபி குடித்த வாயில் உடனே தெர்மாமீட்டரை வைத்தால் காபியின் சூட்டையும் சேர்த்து அளக்கிறோம். கொரோனா நாள்களில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய துப்பாக்கிக் கருவி காட்டியது தோலின் வெப்பத்தைத்தான். வெயிலில் நடந்து வந்தவருக்கும் ஏசி காரிலிருந்து இறங்கியவருக்கும் அது வேறு வேறு கதை சொன்னதில் வியப்பில்லை.

காரணம் தெரியாத மிச்சம்

வயது, பால், எடை, நேரம், அளந்த இடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துவிட்டால் மனிதர்கள் எல்லாரும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடுவார்களா? இல்லை என்று காட்டியது 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வு. சியாட் ஓபர்மேயரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வெளிநோயாளிகளாக வந்த 35,488 பேரின் சுமார் 2,43,500 அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். தொற்றுநோய்க்காக வந்தவர்களையும் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களையும் விலக்கினார்கள். சராசரி 36.6 டிகிரி செல்சியஸ். நூற்றுக்கு 95 அளவுகள் 35.7-க்கும் 37.3-க்கும் இடையே விழுந்தன.

வயது, பால், இனம், உடல் பருமன், ஏற்கெனவே உள்ள நோய்கள் ஆகியவை எல்லாம் சேர்ந்தும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 8.2 விழுக்காட்டைத்தான் விளக்கின. மீதி அந்தந்த மனிதரின் தனித்தன்மை. சிலர் எப்போதும் சற்று வெம்மையாகவும் சிலர் சற்றுக் குளிர்ந்தும் இருக்கிறார்கள்; ஏன் என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. விளக்கம் கிடைக்காத அந்த மிச்சம் வெறும் அளவுப் பிழையும் இல்லை. மற்ற எல்லாம் சமமாக இருக்க, மிச்சம் 0.149 டிகிரி உயர்ந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு 8.4 விழுக்காடு கூடியிருந்தது. இது தொடர்புதான், வெப்பமே மரணத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. உள்ளே புகைந்துகொண்டிருக்கும் ஏதோ ஓர் அழற்சியை இந்தச் சிறு உயர்வு காட்டியிருக்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் உள்ள சொந்த அளவில் உடலைப் பற்றிய செய்தி ஏதோ இருக்கிறது என்பதை இந்த முடிவு உணர்த்துகிறது.

மனித குலம் குளிர்கிறதா?

இந்தத் துறையில் அண்மையில் அதிகம் பேசப்பட்ட வாதம் 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜூலி பார்சனெட்டின் குழு மூன்று காலத்துத் தரவுகளை அடுக்கி வைத்தது: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டவர்களின் மருத்துவப் பதிவுகள், 1970-களின் தேசிய ஆரோக்கியக் கணக்கெடுப்பு, 2007 முதல் 2017 வரை ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் பார்த்துக்கொண்டவர்களின் பதிவுகள். மொத்தம் 6,77,423 அளவுகள். பிறந்த காலம் பத்தாண்டு தள்ளத் தள்ள, சராசரி வெப்பம் 0.03 டிகிரி செல்சியஸ் இறங்கிக்கொண்டே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆண்களின் வெப்பம் இன்றைய ஆண்களைவிட 0.59 டிகிரி அதிகம். அப்படியானால் வுண்டர்லிக் தவறாக அளக்கவில்லை. அவர் அளந்த மனிதர்களே வெம்மையானவர்கள்.

உடனே எழும் மறுப்பு: அந்தக் காலத் தெர்மாமீட்டரை எப்படி நம்புவது? இதை ஆய்வாளர்களும் எதிர்பார்த்திருந்தார்கள். படைவீரர்களின் பதிவுகளை மட்டும் தனியாக எடுத்து, முன்னால் பிறந்தவர்களையும் பின்னால் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே காலத்தில் புழங்கிய கருவிகளுக்குள்ளேயே அதே சரிவு தெரிந்தது. கருவி மாறியதால் மட்டும் வந்த வீழ்ச்சி என்றால் அங்கே அது தென்பட்டிருக்கக் கூடாது. வலுவான வாதம்தான். ஆனாலும் பழைய பதிவுகளில் அளந்தது வாயிலா அக்குளிலா என்ற தெளிவு இல்லாதது ஒரு குறையாகவே நிற்கிறது.

காரணமாக அவர்கள் முன்வைத்தது தொற்றும் அழற்சியும். காசநோய், மலேரியா, மேகநோய், ஆறாத புண், சீழ்ப்பிடித்த பல் என்று 19-ஆம் நூற்றாண்டு மனிதர் ஏதோ ஒன்றோடு நெடுநாள் வாழ்ந்தார். உடல் எப்போதும் சிறு போரில் இருந்தது. போருக்கு எரிபொருள் வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு கூடும். தடுப்பூசி, ஆன்டிபயாட்டிக், நல்ல குடிநீர், வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட வீடு எல்லாம் வந்தபின் உடல் அடுப்பைக் கொஞ்சம் தணித்துக்கொண்டது என்பது அவர்கள் கருத்து.

அதே ஆண்டில் பொலிவியாவிலிருந்து இதற்கு ஒரு துணைச் சான்றும் ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தன. அமேசான் தாழ்நிலக் காட்டில் பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களை மைக்கேல் குர்வென் குழு 2002 முதல் 2018 வரை அளந்தது. சுமார் 5,500 பெரியவர்கள், 18,000 அளவுகள். தொடக்கத்தில் 37-ஐ ஒட்டியிருந்த சராசரி, பதினாறே ஆண்டுகளில் 36.5-க்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் பத்தாண்டில் நடந்த இறக்கம் இங்கே ஓராண்டில் நடந்திருக்கிறது. தொற்று குறைந்ததுதான் காரணமென்றால், அந்தக் காட்டில் தொற்று இன்னும் ஏராளம். நலமானவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் சரிவு மறையவில்லை. மருந்துக்கடை எட்டும் தூரத்தில் வந்தது, உடுப்பும் போர்வையும் மேம்பட்டது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எந்த ஒன்றும் தனியாக நின்று முழு விளக்கம் தரவில்லை. குளிர்தல் நடக்கிறது என்பதற்கு உள்ள சான்று, ஏன் நடக்கிறது என்பதற்கு உள்ள சான்றைவிட வலுவானது.

எப்படியானாலும் இந்த ஊசலாட்டம் ஒரு குறுகிய பட்டைக்குள்தான். கோழியின் உடல் 41 டிகிரியைத் தாண்டும், பிளாட்டிபஸ் 32-ஐ ஒட்டி நிற்கும். மனிதர் 36-க்கும் 37-க்கும் நடுவே ஏன்? அவிவ் பெர்க்மனும் ஆர்துரோ காசடேவாலும் 2010-இல் ஒரு கணிதக் கணக்கு போட்டார்கள். வெப்பம் ஏற ஏறப் பெரும்பாலான பூஞ்சைகளால் உடலுக்குள் பிழைக்க முடியாது. ஆனால் அந்த வெப்பத்தைக் காக்க ஓயாமல் சாப்பிட வேண்டும். பாதுகாப்பும் செலவும் சமன்படும் புள்ளி 36.7 என்று வந்தது. கருதுகோள்தான் என்றாலும், அந்தப் பட்டை தற்செயலாக அமைந்ததல்ல என்று நினைக்க இடம் தருகிறது.

காய்ச்சல் என்பது எது?

இத்தனை மாறுபாடு இருக்கும்போது காய்ச்சலுக்கு எங்கே கோடு போடுவது? 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதுவும் வுண்டர்லிக் வழிவந்ததே. ஜப்பானின் தொற்றுநோய் விதிகள் 37.5-ஐ எட்டினால் காய்ச்சல், 38-ஐ எட்டினால் கடுங்காய்ச்சல் என்று வகுக்கின்றன. அங்கே ‘ஹெய்னெட்சு’ என்று ஒரு சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. நலமாக இருக்கும்போது ஒருவருக்கு உள்ள சொந்த வெப்பம் என்று பொருள். உன் ஹெய்னெட்சு என்ன என்று கேட்டால் பலரால் எண் சொல்ல முடியும்.

அந்தச் சொந்த எண் மிகவும் தேவைப்படுவது முதியவர்களுக்கு. இயல்பிலேயே 97-ஐ ஒட்டி இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு 99.2 வந்தால், வீட்டில் உள்ளவர்கள் காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அவர் உடம்பைப் பொறுத்தவரை இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்காக அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் தந்த வழிகாட்டுதல் இதைக் கணக்கில் எடுக்கிறது. வாயில் ஒரு முறை 37.8-ஐத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 37.2-ஐத் தாண்டினாலோ, அவரவர் வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி செல்சியஸ் ஏறினாலோ காய்ச்சலாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது விதி, வழக்கமான அளவு தெரிந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

நம் வீடுகளில் புழங்கும் இரண்டு சொற்களையும் இங்கே பிரித்துப் பார்க்கலாம். ‘சூட்டு உடம்பு’ என்று நாம் சொல்வது வாய்ப்புண், கண்ணெரிச்சல், நீர்க்கடுப்பு போன்ற அறிகுறிகளின் தொகுப்பு. எண்ணெய்க் குளியலும் இளநீரும் அதற்குச் சொல்லப்படும் கைமருந்து. தெர்மாமீட்டர் அளக்கும் வெப்பம் வேறு. அந்த உடம்பில் வைத்துப் பார்த்தாலும் கருவி இயல்பான அளவையே காட்டலாம். ‘உள்காய்ச்சல்’ அப்படியல்ல. தெர்மாமீட்டரில் தெரியாத காய்ச்சல் என்று அலட்சியமாகச் சிரித்துவிடுகிறோம். தன் இயல்பு 97.2 ஆக உள்ளவர் 98.8-இல் உடம்பு வலிக்கிறது, கதகதவென்று இருக்கிறது என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். இன்னொருவருக்கு மாலைதோறும் 99 வருவது வெறும் நாள்கடிகாரமாகவும் இருக்கலாம். வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சலோடு இருமலும் எடைக்குறைவும் இருந்தால் அது காசநோய்ச் சோதனைக்கான நேரம். எண்ணை மட்டும் பார்த்தால் இந்த மூவரையும் பிரித்தறிய முடியாது.

எனவே தெர்மாமீட்டரில் ஓர் அளவு வந்தால் அதோடு மூன்று விவரங்கள் சேர வேண்டும்: எந்த நேரம், உடம்பில் எந்த இடம், நலமாக இருக்கும் நாளில் இவருக்கு எவ்வளவு. முதல் இரண்டும் அப்போதே தெரியும். மூன்றாவதை அறிய, காய்ச்சல் இல்லாத ஒரு வாரத்தில் காலையும் மாலையும் ஒரே கருவியால், ஒரே இடத்தில் அளந்து காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்து வைத்தால் போதும். வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கு முதலில்.

மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் வெப்ப அட்டையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏறி இறங்கும் அந்த வரைகோட்டை மருத்துவ வழக்கமாக்கியவர்களில் முதன்மையானவரும் வுண்டர்லிக்தான். ஒரு நோயாளியின் வெப்பத்தை அவருடைய முந்தைய வெப்பத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதை வரைந்தார். தெர்மாமீட்டரில் அச்சடித்த அம்புக்குறி யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் சராசரி. காலண்டர் ஓரத்தில் நாம் குறித்த பதினான்கு எண்கள் நம் வீட்டுப் பாட்டியுடையவை.